எந்த நெடுவரிசைக்கு எந்தத் தரவு வகை? தரவுத்தள வேகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நிரலில் ஒரு சிறு மாற்றம் போன மறுநாள், வாடிக்கையாளர் விவரத் திரை திறக்கப் பல நொடிகள் பிடிக்கிறது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தேன். வாடிக்கையாளர் எண்ணுக்கு இன்டெக்ஸ் (பதிவைச் சட்டென்று கண்டுபிடிக்க உதவும், வரிசைப்படுத்திய தேடல் பட்டியல்) இருந்தது. வினவலும் அந்த எண்ணைச் சொல்லி ஒரே ஒரு பதிவைத்தான் கேட்டது. ஆனாலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டிருந்தது. காரணம் ஒரு ஜோடி மேற்கோள்குறி. நெடுவரிசையின் வகை வார்சார், அதாவது மாறும் நீள எழுத்துச் சரம். முந்தைய நாள்வரை மதிப்பு மேற்கோள்குறிக்குள் எழுத்துச் சரமாக வந்தது. மாற்றத்துக்குப் பிறகு வெறும் எண்ணாக வந்தது.

சரத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் மைஎஸ்கியூஎல் இரண்டையும் மிதவைப் புள்ளி எண்ணாக மாற்றி ஒப்பிடும். அப்படிப் பார்த்தால் '123', '0123', '123.0' மூன்றும் 123-க்குச் சமம். ஆனால் எழுத்து வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸில் இவை மூன்றும் மூன்று மூலைகளில் கிடக்கும். எங்கே போய்த் தேடுவது என்று தெரியாததால் ஒவ்வொரு பதிவையும் எடுத்து, மாற்றி, ஒப்பிட்டுப் பார்க்கிறது. மேற்கோள்குறியைத் திரும்பச் சேர்த்ததும் திரை உடனே திறந்தது.

தரவு வகை என்றாலே பைட்டுகளை மிச்சம் பிடிக்கும் வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். அதுவும் உண்டு, கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஆனால் நான் பார்த்த பெரிய வேகச் சரிவுகளில் பெரும்பாலானவை, மதிப்பின் இயல்புக்கு ஒத்துவராத வகையால் வந்தவை. அதனால் என் வரிசை இதுதான்: முதலில் உண்மையான வகை, பிறகு போதுமான அளவு, கடைசியில் பைட் சிக்கனம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற இரண்டு தரவுத்தளங்களையும் ஒட்டியே இருக்கும்.

படி 1: பக்கக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

தரவுத்தளம் வட்டிலிருந்து ஒற்றைப் பதிவைப் படிப்பதில்லை. பக்கம் பக்கமாகப் படிக்கிறது. போஸ்ட்கிரெஸிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் ஒரு பக்கம் 8 கிலோபைட். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில் வழக்கமாக 16 கிலோபைட். நினைவகத்தில் வைத்துக்கொள்வதும் பக்கங்களைத்தான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஒரு பக்கத்தில் எத்தனை பதிவுகள் அடங்கும் என்பதே. பதிவு மெலிந்தால் அதே நினைவகத்தில் கூடுதல் பதிவுகள் நிற்கும், வட்டுக்குப் போகும் தடவைகள் குறையும். இதில் ஓர் எல்லையும் உண்டு. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு பதிவுக்கும் 24 பைட் தலைப்பகுதி, அதைச் சுட்டிக்காட்ட 4 பைட் என்று 28 பைட் முதலிலேயே போய்விடுகிறது. நான்கு நெடுவரிசை கொண்ட அட்டவணையில் 4 பைட் முழு எண்ணான இன்ட்டை 2 பைட் ஸ்மால்இன்ட் ஆக்கி 2 பைட் பிடிப்பது பெரும்பாலும் வீண் உழைப்பு.

படி 2: மதிப்பு என்னவோ, அதையே வகையாகச் சொல்லுங்கள்

தேதியை எழுத்தாகச் சேமிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. '31-12-2023' என்று நாள் முன்னால் நின்றால் வரிசைப்படுத்துவதே கெட்டுவிடும். அது தெரிந்த சிலர் 20231231 என்று எண்ணாக வைப்பார்கள். வரிசை சரியாக வரும், ஆனால் வினவலை எப்படி ஓட்டுவது என்று திட்டமிடும் ஆப்டிமைசர் ஏமாறும்.

டிசம்பர் 31-க்கும் ஜனவரி 1-க்கும் இடையே ஒரு நாள்தான் என்று நமக்குத் தெரியும். 20231231-க்கும் 20240101-க்கும் உள்ள வித்தியாசம் 8870. இந்த நெடுவரிசை முழு எண் என்று நீங்கள் சொல்லிவிட்டதால், நடுவில் ஆயிரக்கணக்கான மதிப்புகள் இருக்கக்கூடும் என்று ஆப்டிமைசர் எடுத்துக்கொள்கிறது. ஆண்டு மாறும் இடத்தில் ஒரு வாரத் தரவைக் கேட்டால், எத்தனை பதிவுகள் வரும் என்ற அதன் மதிப்பீடு தடம்புரளக்கூடும். மதிப்பீடு தவறினால் அட்டவணைகளை இணைக்கும் முறை தவறும், இன்டெக்ஸைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்ற முடிவும் தவறும். இதே நெடுவரிசை டேட் வகையாக இருந்தால் வித்தியாசம் 1. போஸ்ட்கிரெஸில் டேட் 4 பைட்தான். அந்த எட்டு இலக்க எண்ணும் இன்ட்டில் 4 பைட்தான். சிக்கனமும் இல்லை, பலனும் இல்லை.

எழுத்தாகக் கிடக்கும் தேதியை வினவலில் மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். நெடுவரிசையின் மீது ஒரு செயற்கூற்றை (ஃபங்ஷன்) ஏற்றினால் சாதாரண இன்டெக்ஸ் பயன்படாது. சரி, செயற்கூறு சேர்ந்த அந்தக் கோவையின் மீதே இன்டெக்ஸ் போடலாம் என்றால், போஸ்ட்கிரெஸ் மறுக்கும். எழுத்தைத் தேதியாக மாற்றும் டூ_டேட் எல்லாச் சூழலிலும் ஒரே விடை தரும் என்ற உத்தரவாதம் இல்லாத செயற்கூறு. அத்தகையவற்றை இன்டெக்ஸில் அது அனுமதிப்பதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. இலக்கங்களாக இருப்பதெல்லாம் எண் ஆகிவிடாது. தொலைபேசி எண்ணை யாரும் கூட்டுவதில்லை, சராசரி எடுப்பதில்லை. முன்னால் நிற்கும் பூச்சியத்துக்கு அங்கே பொருள் உண்டு. எண் வகையில் வைத்தால் அது போய்விடும். 'இதைக் கூட்டினால் அர்த்தம் வருமா, பெரியது சிறியது என்று பேச முடியுமா?' என்று கேளுங்கள். இல்லை என்றால் அது எழுத்து. ஆம் என்றால் அதை எழுத்தில் வைக்காதீர்கள். வைத்தால் '10' என்பது '9'-க்கு முன்னால் வந்து நிற்கும்.

படி 3: முழு எண்களில் தாராளமும் சிக்கனமும்

அளவுகள்: ஸ்மால்இன்ட் 2 பைட், இன்ட் 4, பிக்இன்ட் 8. மைஎஸ்கியூஎல்லில் கூடுதலாக 1 பைட் டைனிஇன்ட்டும் 3 பைட் மீடியம்இன்ட்டும் உண்டு. அங்கே இன்ட்(11) என்று எழுதும் பழைய பழக்கத்தில் வரும் 11-க்கும் சேமிப்புக்கும் தொடர்பே இல்லை. அது காட்டும் அகலம் மட்டுமே, 8.0.17 பதிப்பிலிருந்து கைவிடப்பட வேண்டியது என்றே அறிவித்துவிட்டார்கள்.

இன்ட்டின் உச்சம் 2,147,483,647. சுமார் 214 கோடி என்றால் நிறைய இருப்பதுபோலத் தெரியும். நொடிக்கு 1000 எண்கள் செலவாகும் நிகழ்வுப் பதிவு அட்டவணையில் அது 25 நாளுக்குள் தீர்ந்துவிடும். பதிவுகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் கணக்கிடவும் கூடாது. திரும்பப்பெறப்பட்ட பரிவர்த்தனையும் எண்ணைத் தின்கிறது. போஸ்ட்கிரெஸில் மோதல் நேர்ந்தால் விட்டுவிடு என்று எழுதும் செருகலும், ஒன்றையும் செருகாமலே ஒரு எண்ணைச் செலவழிக்கிறது. அட்டவணையில் நாலு கோடிப் பதிவுதானே என்று இருந்தவர்கள், அடுத்த எண் 200 கோடியைத் தாண்டியிருப்பதைப் பார்த்து அதிர்ந்ததுண்டு.

2018 நவம்பரில் பேஸ்கேம்ப் 3 என்ற திட்ட மேலாண்மைச் சேவை ஏறத்தாழ ஐந்து மணிநேரம் படிக்க மட்டுமே முடிந்த நிலையில் நின்றது. நிகழ்வுகளைப் பதியும் அட்டவணையில் அடையாள எண் இந்த 2,147,483,647-ஐத் தொட்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பயன்படுத்திய ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைச் செயலிக் கட்டமைப்பு, 2017-இல் வெளிவந்த 5.1 பதிப்பிலேயே முதன்மைச் சாவியின் (பதிவை அடையாளம் காட்டும் நெடுவரிசை) இயல்பு வகையை பிக்இன்ட்டாக மாற்றியிருந்தது. மாற்றம் புதிய அட்டவணைகளுக்குத்தானே; பழையது பழைய வகையோடே ஓடிக்கொண்டிருந்தது.

பிக்இன்ட் வைத்தால் இன்டெக்ஸ் இரு மடங்கு ஆகுமே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 64 பிட் கணினியில் போஸ்ட்கிரெஸின் இன்டெக்ஸ் உருப்படி ஒவ்வொன்றும் 8 பைட் தலைப்பகுதியோடு, 8-இன் மடங்காக உயர்த்தப்படுகிறது. இன்ட் என்றால் 8 கூட்டல் 4, அதாவது 12, உயர்த்தினால் 16. பிக்இன்ட் என்றால் 8 கூட்டல் 8, அதுவும் 16. ஒற்றை நெடுவரிசை இன்டெக்ஸில் இரண்டுக்கும் அளவு ஒன்றேதான்! அதனால் வளரும் அட்டவணையின் முதன்மைச் சாவிக்கு யோசிக்காமல் பிக்இன்ட் போடுங்கள். மற்ற அட்டவணைகளிலிருந்து அதைச் சுட்டும் அயல் சாவிகளுக்கும் அதே வகை. சாவியை மாற்றிவிட்டு அயல் சாவியை இன்ட்டாக விட்டால், கூரையை மாற்றிச் சுவரை மறந்த கதைதான். நிலை, வகைக் குறியீடு, வயது போன்றவற்றுக்கு ஸ்மால்இன்ட் தாராளம்.

படி 4: யூயூஐடி வேண்டுமென்றால், எழுத்தாக வேண்டாம்

யூயூஐடி என்பது எங்கும் திரும்ப வராதபடி உருவாக்கும் 16 பைட் அடையாள மதிப்பு. கோடுகளோடு எழுதினால் 36 எழுத்து. அந்த எழுத்து வடிவத்தையே சேமித்தால் போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸ் உருப்படி 48 பைட் ஆகிறது. அதற்கென்றே உள்ள யூயூஐடி வகையில் 24. ஒவ்வொன்றுக்கும் 4 பைட் சுட்டியைச் சேர்த்து, பக்கத்தை வழக்கமான 90 விழுக்காடு நிரப்பினால், பிக்இன்ட் இன்டெக்ஸில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 366 சாவிகள் அடங்கும். எழுத்து யூயூஐடிக்கு 140-ஐ ஒட்டித்தான்.

இன்னோடிபியில் கதை இன்னும் மோசம். அங்கே ஒவ்வொரு இரண்டாம் நிலை இன்டெக்ஸும் (முதன்மைச் சாவி அல்லாத மற்ற இன்டெக்ஸ்) முதன்மைச் சாவியின் பிரதியைச் சுமக்கிறது. பத்துக் கோடிப் பதிவு, ஐந்து இரண்டாம் நிலை இன்டெக்ஸ் என்று வையுங்கள். சாவி 8 பைட்டுக்குப் பதில் 36 பைட் என்றால், ஒரு பிரதிக்கு 28 பைட் கூடுதல். மொத்தம் 1400 கோடி பைட், அதாவது 14 ஜிகாபைட். இது சாவியின் பிரதிகளுக்கு மட்டும். பைனரி(16) ஆக வைத்தால் இதில் 10 ஜிகாபைட் மிச்சம்.

அளவைவிட முக்கியமானது வரிசை. நான்காம் பதிப்பு யூயூஐடி ஏறத்தாழ முழுக்கத் தற்செயல் எண். புதிய பதிவு ஒவ்வொன்றும் இன்டெக்ஸின் ஏதோ ஒரு மூலைக்குப் போகும். இன்னோடிபியில் அட்டவணையே முதன்மைச் சாவி வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதால், தரவுப் பக்கங்களே இப்படிச் சிதறிப் பிளக்கின்றன. போஸ்ட்கிரெஸில் அட்டவணைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு சரிபார்ப்புப் புள்ளிக்குப் (நினைவக மாற்றங்களை வட்டில் எழுதி முடிக்கும் செக்பாயின்ட்) பிறகும் முதல்முறை தொடப்படும் பக்கம் முழுவதையும், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் 'வால்' குறிப்பேட்டில் எழுத வேண்டும். தற்செயல் சாவி அதிகப் பக்கங்களைத் தொடுவதால் எழுதும் அளவு வீங்குகிறது.

இதற்கு மருந்து ஏழாம் பதிப்பு யூயூஐடி. 2024 மே மாதம் ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணத்தில் தரமானது. அதன் முதல் 48 பிட் மில்லிநொடி நேரம் என்பதால் புதியவை இன்டெக்ஸின் கடைசியில் போய்ச் சேர்கின்றன. போஸ்ட்கிரெஸ் 18 பதிப்பு இதை உருவாக்கும் செயற்கூற்றோடே வருகிறது. ஒரே எச்சரிக்கை: பதிவு உருவான நேரத்தை அந்த அடையாளத்திலிருந்தே யாரும் படித்துவிடலாம். அது வெளியே தெரியக்கூடாது என்றால் வேறு வழி பாருங்கள்.

படி 5: எழுத்துகள், 255 என்ற மூடநம்பிக்கை

வார்சார்(255) என்பது பலருக்கும் கை தானாக எழுதுவது. மைஎஸ்கியூஎல்லில் 255 பைட் வரையான சரத்தின் நீளத்தைக் குறிக்க 1 பைட் போதும், அதற்கு மேல் 2 பைட். 255-இன் மகிமை அவ்வளவுதான். ஆனால் அது பைட் கணக்கு. அடைப்புக்குறிக்குள் நாம் எழுதுவது எழுத்துக் கணக்கு. யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஓர் எழுத்து 4 பைட் வரை போகலாம். தமிழ்க் குறியீடுகள் ஒவ்வொன்றும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். வட்டில் 15 பைட். வார்சார்(10) நெடுவரிசைக்கு அது ஐந்து எழுத்தாகக் கணக்காகும். பெயர்களுக்கு நீளம் முடிவுசெய்யும்போது இதை மறந்தவர்கள் பிறகு வருந்துவார்கள்.

பழைய மைஎஸ்கியூஎல் அட்டவணைகளில் வார்சார்(191) என்ற விசித்திர எண்ணைப் பார்த்திருப்பீர்கள். பழைய பதிவு வடிவத்தில் இன்டெக்ஸ் சாவியின் எல்லை 767 பைட். 191-ஐ 4-ஆல் பெருக்கினால் 764. அவ்வளவே. இப்போதைய இயல்பான டைனமிக் வடிவத்தில் எல்லை 3072 பைட்.

வட்டில் பார்த்தால் வார்சார்(40)-உம் வார்சார்(255)-உம் ஒரே சரத்துக்கு ஒரே இடம்தான் பிடிக்கும். வித்தியாசம் நினைவகத்தில் வெளிப்படும். மைஎஸ்கியூஎல் 5.7 வரை நினைவகத் தற்காலிக அட்டவணைகள் அறிவித்த முழு நீளத்துக்கும் இடம் ஒதுக்கின. வார்சார்(255)-இல் பத்து எழுத்துப் பெயருக்கும் 255 பெருக்கல் 4, அதாவது 1020 பைட். 8.0-இல் இது சரியாகிவிட்டது. எஸ்கியூஎல் சர்வர் இன்னொரு வகை. மாறும் நீளச் சரங்கள் சராசரியாகப் பாதி நிரம்பியிருக்கும் என்று ஊகித்து, வரிசைப்படுத்துவதற்கான நினைவகத்தைக் கேட்கும். வார்சார்(4000) என்று அலட்சியமாக அறிவித்தால் பதிவுக்கு 2000 பைட் கணக்கில் ஒதுக்கிக்கொண்டு, மற்ற வினவல்களைக் காக்க வைக்கும்.

போஸ்ட்கிரெஸில் இந்தத் தலைவலியே இல்லை. டெக்ஸ்ட்டும் வார்சாரும் உள்ளே ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். சார்(n) மட்டும் காலியிடத்தை நிரப்பி இடத்தை வீணாக்கும், அதைத் தொடாதீர்கள்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: மொழிசார் வரிசை விதியில் அமைந்த போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸ், 'இந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள்' என்ற லைக் தேடலுக்கு உதவாது. அதற்கு, பைட் வரிசையில் ஒப்பிடும் 'சி' வரிசை விதியோ டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் என்ற குறிப்போ சேர்த்துத் தனி இன்டெக்ஸ் வேண்டும்.

படி 6: பணமும் பின்னமும்

0.1-ஐயும் 0.2-ஐயும் மிதவைப் புள்ளியில் கூட்டினால் 0.30000000000000004 வரும். கணக்கு ஒத்துப்போக வேண்டிய எந்த நெடுவரிசைக்கும் அந்த வகை ஆகாது. வெப்பநிலை, தூரம் போன்ற அளவீடுகளுக்கு அதுவே சிறந்தது.

பணத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று டெசிமல் அல்லது நியூமெரிக். மைஎஸ்கியூஎல் ஒன்பது இலக்கத்தை 4 பைட்டில் அடைக்கிறது. டெசிமல்(11,2) 5 பைட், டெசிமல்(12,2) 6 பைட். போஸ்ட்கிரெஸில் நான்கு இலக்கத்துக்கு 2 பைட், அதற்கு மேல் 3 முதல் 8 பைட். அங்கே இந்தக் கணக்கைச் செயலி நேரடியாகச் செய்வதில்லை, மென்பொருளே செய்கிறது. கோடிக்கணக்கான பதிவுகளைக் கூட்டும்போது பிக்இன்ட்டைவிட மெதுவாக இருப்பது தெரியும். இரண்டாவது வழி, நாணயத்தின் மிகச் சிறிய அலகில் பிக்இன்ட்டாக வைப்பது. வேகம் கிடைக்கும், ஆனால் நூறால் வகுக்க மறந்த அறிக்கை ஒன்று என்றைக்காவது வெளியே போகும். கூட்டல்கள் மிக அதிகமாக இல்லாதவரை நான் டெசிமல் பக்கம்.

படி 7: நேரம்

மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப் 4 பைட். 2038 ஜனவரி 19-உடன் முடிகிறது. 5.6.4 பதிப்பிலிருந்து டேட்டைம் 5 பைட்தான். ஒரு பைட்டுக்காக 2038-ஐ வீட்டுக்குள் அழைக்க வேண்டாம். நீண்ட கால ஒப்பந்தங்களின் முடிவுத் தேதி அந்த எல்லையை இப்போதே தாண்டும்.

போஸ்ட்கிரெஸில் நேர வலயம் உள்ள வகையும் இல்லாத வகையும் இரண்டுமே 8 பைட். பெயர் எப்படி இருந்தாலும் முதல் வகை வலயத்தைச் சேமிப்பதில்லை; பொது நேரத்துக்கு (யூடிசி) மாற்றிச் சேமித்து, காட்டும்போது உங்கள் வலயத்துக்குத் திருப்புகிறது. விலை ஒன்றே என்பதால் நடந்த நிகழ்வுகளுக்கு எப்போதும் அதையே எடுங்கள்.

படி 8: உதிரிகள், ஆனால் ஜேசன் உதிரி அல்ல

எனம், அதாவது முன்பே பட்டியலிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை, சிறியது: மைஎஸ்கியூஎல்லில் 1 அல்லது 2 பைட், போஸ்ட்கிரெஸில் 4. ஆனால் போஸ்ட்கிரெஸில் ஒரு மதிப்பைச் சேர்ப்பது எளிது, நீக்க நேரடி வழி இல்லை. மாறக்கூடிய பட்டியலுக்கு ஸ்மால்இன்ட்டும் ஒரு துணை அட்டவணையும் மேல். வெற்று மதிப்புக்கு (நல்) போஸ்ட்கிரெஸ் ஒரு பிட் மட்டுமே செலவழிக்கிறது, எனவே அதற்குப் பயந்து காலிச் சரத்தை நிரப்ப வேண்டாம். ஐபி முகவரிக்கு போஸ்ட்கிரெஸில் ஐநெட் வகை இருக்கிறது. நான்காம் பதிப்பு முகவரி அதில் 7 பைட்.

இனி ஜேசன்பி, அதாவது போஸ்ட்கிரெஸில் ஜேசன் ஆவணம் ஒன்றை ஒரே நெடுவரிசையில் வைக்கும் வகை. அட்டவணை அமைப்பைப் பற்றி யோசிக்கச் சோம்பல்படும்போது கை நீளும் இடம் அது. ஒவ்வொரு பதிவிலும் சாவிப் பெயர்கள் திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன. ஒரு சிறு புலத்தை மாற்றினாலும் ஆவணம் முழுவதும் புதிதாக எழுதப்படுகிறது. இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தொல்லை, உள்ளே இருக்கும் புலங்களுக்குப் புள்ளிவிவரம் இல்லாததுதான். நிலை 'முடிந்தது' என்று இருப்பவற்றைக் கொடு என்று கேட்டால், போஸ்ட்கிரெஸ் அதில் 200 வெவ்வேறு மதிப்புகள் இருக்கலாம் என்று கண்ணை மூடி ஊகித்து, 0.5 விழுக்காடு பதிவுகள் வரும் என்று திட்டமிடுகிறது. உண்மையில் 90 விழுக்காடு வந்தால், சில ஆயிரம் பதிவுக்காகப் போட்ட திட்டம் சில கோடிப் பதிவை இழுத்துக்கொண்டு திணறும். அடிக்கடி வடிகட்டும் புலத்தைத் தனி நெடுவரிசையாக வெளியே எடுங்கள். முடியாவிட்டால் அந்தக் கோவையின் மீது இன்டெக்ஸ் போடுங்கள். அதோடு புள்ளிவிவரமும் சேர்ந்து கிடைக்கும்.

படி 9: இரு கரையிலும் ஒரே வகை

தொடக்கத்தில் சொன்ன கதை இங்கே பொருந்தும். இணைக்கப்படும் இரு நெடுவரிசைகளும், நிரலிலிருந்து வரும் மதிப்பும் ஒரே வகையாக இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் சரத்தையும் எண்ணையும் ஒப்பிட மறுத்துப் பிழை காட்டும். அந்தக் கண்டிப்புக்கு நன்றி சொல்லுங்கள். மைஎஸ்கியூஎல்லும் ஆரக்கிளும் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும். எஸ்கியூஎல் சர்வரில் இது வேறு முகத்தில் வருகிறது: நெடுவரிசை வார்சார், ஆனால் ஜாவா இணைப்பி சரங்களை இயல்பாகவே யூனிகோட் வகையான என்வார்சாராக அனுப்புகிறது. உயர்ந்த வகைக்கு மாற வேண்டியது நெடுவரிசை என்பதால், சில வரிசை விதிகளில் தேடல் முழுப் படிப்பாகிவிடும். செயல்திட்டத்தில் உள்ளார்ந்த மாற்றம் (இம்ப்ளிசிட் கன்வர்ஷன்) என்ற குறிப்பு தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் இரண்டு அட்டவணைகளின் எழுத்துக் குறியாக்கம் வேறுபட்டாலும் இதே விபத்து நடக்கும். ஒன்று பழைய மூன்று பைட் யூடிஎஃப்8, மற்றது யூடிஎஃப்8எம்பி4 என்றால் இரண்டுமே வார்சார் என்பது மட்டும் போதாது.

படி 10: போஸ்ட்கிரெஸில் நெடுவரிசைகளின் வரிசை

இப்போது பைட் சிக்கனம். ஒரு அட்டவணையில் இந்த வரிசையில் ஆறு நெடுவரிசைகள்: பூலியன், பிக்இன்ட், ஸ்மால்இன்ட், பிக்இன்ட், பூலியன், டைம்ஸ்டாம்ப். 8 பைட் வகைகள் 8-இன் மடங்கான இடத்தில்தான் தொடங்கும். பூலியன் முதல் பைட்டைப் பிடிக்கும். அடுத்த 7 பைட் வெறும் நிரப்பல். பிக்இன்ட் 8-இல் தொடங்கி 16-இல் முடியும். ஸ்மால்இன்ட் 2 பைட், பிறகு 6 பைட் வீண். அடுத்த பிக்இன்ட் 32-இல் முடியும். பூலியனும் 7 பைட் நிரப்பலும் 40 வரை. டைம்ஸ்டாம்ப் 48-இல் முடியும். உண்மைத் தரவு 28 பைட், நிரப்பல் 20 பைட்.

பெரியவை முதலில் வருமாறு அடுக்குங்கள்: மூன்று 8 பைட் வகைகள், பிறகு ஸ்மால்இன்ட், கடைசியில் இரண்டு பூலியன். 28 பைட், பதிவின் கடைசியில் மட்டும் 4 பைட் நிரப்பல். தலைப்பகுதியும் சுட்டியும் சேர்த்தால் முன்பு 76 பைட், இப்போது 60. ஒரு பக்கத்தில் 107 பதிவு இருந்த இடத்தில் 136. பத்துக் கோடிப் பதிவுக்கு 7.6 ஜிகாபைட்டை ஒட்டி இருந்த அட்டவணை 6 ஜிகாபைட் ஆகிறது, ஒரு வகையையும் மாற்றாமல். டெக்ஸ்ட், நியூமெரிக் போன்ற மாறும் நீள வகைகளைக் கடைசியில் வையுங்கள். ஏற்கெனவே ஓடும் அட்டவணையை இதற்காக மட்டும் கலைக்க மாட்டேன். புதிதாக உருவாக்கும்போது செய்தால் செலவே இல்லை. இன்னோடிபியில் இப்படிச் சீரமைக்கும் நிரப்பல் கிடையாது, அங்கே இந்த வித்தை தேவையில்லை.

படி 11: ஓடும் அட்டவணையில் வகையை மாற்றுதல்

எல்லா மாற்றமும் கனமானவை அல்ல. போஸ்ட்கிரெஸில் வார்சாரின் நீளத்தைக் கூட்டுவதும், வார்சாரை டெக்ஸ்ட் ஆக்குவதும் நொடியில் முடியும். மைஎஸ்கியூஎல்லில் 255 பைட் எல்லையைத் தாண்டாத நீட்டிப்பு எளிது. தாண்டினால் அட்டவணை முழுவதும் நகலெடுக்கப்படும். இன்ட்டை பிக்இன்ட் ஆக்குவதோ இரண்டிலும் பதிவு ஒவ்வொன்றையும் திருப்பி எழுதும் வேலை. போஸ்ட்கிரெஸில் அது முடியும்வரை யாரும் அந்த அட்டவணையைப் படிக்கக்கூட முடியாது. மைஎஸ்கியூஎல்லில் பெர்கோனாவின் கருவியோ கிட்ஹப் வெளியிட்ட கோஸ்ட் கருவியோ வைத்துப் பின்னணியில் செய்யலாம். போஸ்ட்கிரெஸில் கையால் செய்யும் முறை இது.

முதலில் வெற்று மதிப்பை ஏற்கும் பிக்இன்ட் நெடுவரிசை ஒன்றைச் சேருங்கள், உடனே முடியும். புதிதாக வரும், திருத்தப்படும் பதிவுகளில் பழைய எண்ணைப் புதியதில் நகலெடுக்க ஒரு டிரிக்கர் (மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் நிரல்) வையுங்கள். பிறகு பழைய பதிவுகளைச் சில ஆயிரம் பதிவு கொண்ட தொகுதிகளாக நிரப்புங்கள். ஒரே மூச்சில் நிரப்பினால் அட்டவணை இருமடங்கு வீங்கும். நிரம்பியதும், எழுதுவதைத் தடுக்காத ஒருங்கியல் (கன்கரன்ட்லி) முறையில் தனித்துவ இன்டெக்ஸை உருவாக்குங்கள். வெற்று மதிப்பு கூடாது என்ற கட்டுப்பாட்டை முதலில் சரிபார்க்காமல் சேர்த்து, தனியாகச் சரிபாருங்கள். 12-ஆம் பதிப்பிலிருந்து இதை வைத்தே, வெற்று மதிப்பைத் தடுக்கும் நாட் நல் அமைப்பு மறுபடி முழு அட்டவணையைப் படிக்காமல் முடிகிறது. அயல் சாவி நெடுவரிசைகளுக்கும் இதையே செய்யுங்கள்.

கடைசியில் ஒரு சிறு பரிவர்த்தனைக்குள், பூட்டுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு வைத்து, பெயர்களை இடம் மாற்றி, புதிய இன்டெக்ஸையே முதன்மைச் சாவியாக்குங்கள். இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. 10-ஆம் பதிப்பிலிருந்து, தானாக எண் கொடுக்கும் சீரியல் வகையோடு உருவாகும் எண் வரிசையும் (சீக்வென்ஸ்) இன்டீஜர் வகையாகவே பிறக்கிறது. நெடுவரிசையை பிக்இன்ட் ஆக்கிவிட்டு எண் வரிசையை அப்படியே விட்டால், அது அதே 2,147,483,647-இல் போய் முட்டி நிற்கும். எண் வரிசையின் வகையையும் மாற்றி, அதன் உரிமையைப் புதிய நெடுவரிசைக்குக் கொடுங்கள்.

பழைய நெடுவரிசையில் நாட் நல் இருந்தால் அதைத் தளர்த்த மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த செருகலே பிழையில் முடியும். பெயர் மாற்றுவதற்குச் சற்று முன்னால் அனலைஸ் ஓட்டுங்கள். புதிய நெடுவரிசைக்குப் புள்ளிவிவரம் சேகரிக்காமல் மாற்றினால், ஆப்டிமைசர் முதல் சில நிமிடங்கள் குருட்டுத் திட்டங்கள் போடும். கூட்டம் மிகுந்த நேரத்தில் அந்தச் சில நிமிடங்களே போதும். பழைய நெடுவரிசையை ஒரு வாரம் விட்டுவைத்துப் பிறகு நீக்குங்கள். நீக்கியதும் அட்டவணை சுருங்கவில்லையே என்று பதற வேண்டாம். போஸ்ட்கிரெஸ் அதை மறைத்து மட்டுமே வைக்கிறது, பதிவுகள் ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதப்படும்போதுதான் அந்த இடம் விடுபடும்.